எர்னா வெளியில் பேசுவதில்லை

எங்கள் ஊரில் எர்னா ரெம்பலைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. தொண்டையில் ஏதோ கட்டி என்பது ஒன்று. புத்தி பேதலித்துவிட்டது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது: அண்ணன் மேல் இருந்த வஞ்சத்தில் அவனைப் புதைத்த குழியருகே நின்றும் ஒரு வரி பாடவில்லை, கல்நெஞ்சக்காரி என்று.

எல்லாம் பொய். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. கேட்டதற்குத் தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பதில். இருபது வருடம் அவளோடு ஒரே காரில் ஒத்திகைக்குப் போய்வந்தவள் நான். காரணம் எனக்குத் தெரியும். ஊர் மென்றது போதும், சொல்லிவிடுகிறேன். இனிமேல் யார் வந்து எதைத் தேடப் போகிறார்கள்?

கனடாவின் வின்னிபெக் நகரில், முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஓபரா நாடகக் குழு ஒன்றில் நான் கூட்டுப்பாடல் வரிசையில் கீழ்க்குரல். எர்னா மாற்றுப் பாடகி. கதாநாயகி பாடும் அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மேடையேறத் தயாராக நிற்க வேண்டியவள். காய்ச்சல் வராவிட்டால்? வராவிட்டால் ஒன்றுமில்லை. எங்கள் கதாநாயகிகளுக்கு அப்படி ஓர் ஆரோக்கியம்! எர்னா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்திக்குக்கூடத் தும்மல் வந்ததில்லை.

மாற்றுப் பாடகிக்கு ஒரு விதி உண்டு. நாடகம் நடக்கும் மாலைகளில் அரங்கத்திலிருந்து அரை மணி நேர தூரத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி இடைவேளை முடிந்ததும் போன் வரும்: "நீங்க வீட்டுக்குப் போகலாம்." அதுவரை எர்னா எதிர்த்த காப்பிக்கடையில் சூப்பை ஆற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் நாடகம் முடிந்து முகச்சாயத்தோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவேன்.

"இன்னிக்காவது அந்தம்மா மாடிப்படியில வழுக்கி விழுந்தாளா?" என்பேன்.

"சும்மா இருடி. அப்படியெல்லாம் நினைக்கக்கூடக் கூடாது" என்பாள். நிஜமாகவே நினைக்கமாட்டாள். அவளுடைய மெனோனைட் கிறிஸ்தவச் சபையில் வளர்ந்தவர்கள் அப்படித்தான். ஐந்து வயதில் நாலு குரல் பாட்டு கற்றுக்கொள்வார்கள், பிறகு ஆயுள் முழுக்கத் தன் குரல் பக்கத்துக் குரலைவிட உயர்ந்து கேட்டுவிடக் கூடாதே என்று பயப்படுவார்கள்.

அந்த வருடம் மாண்ட்ரியாலிலிருந்து டெல்ஃபின் மர்சோ வந்தாள். அவள் இசையமைப்பாளர், இயக்குநர், கலைஞர், இன்னும் என்னென்னவோ. மனிதர்களும் காட்டு வாத்துகளும் சேர்ந்து நடிக்கும் ஓபரா ஒன்றை செட்ஜ் ஏரியில், திறந்த வெளியில், நடத்தப் போவதாகச் சொன்னாள். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் ஏரிக்கு வந்து வாத்துகளை அழைக்கிறாள். அவை மேடைக்கு வந்தால் கதைக்கு ஒரு முடிவு, வராவிட்டால் வேறு முடிவு. இரண்டுக்கும் இசை எழுதி வைத்திருந்தாள்.

"முடிவை மனுஷங்க எடுக்கக் கூடாது. பறவைங்க எடுக்கணும். மேடையில எல்லா உயிரும் சமம்" என்றாள் முதல் கூட்டத்தில்.

"அப்போ சம்பளம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் குரல்தான்.

வாத்துக்குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே கேட்ட குரலையும், வெளியே வந்ததும் பார்த்த முகத்தையும் தாய் என்று எடுத்துக்கொள்ளும். ஆயுளுக்கும் மறக்காது. அதனால் தாய் வேடக்காரி மே மாதம் முழுக்க முட்டைகளிடம் பாட வேண்டும். தாய் வேடம் ரொவேனா ஹேலுக்கு. ரொவேனாவோ ஆகஸ்டு வரை பெர்லினில். யார் பாடுவது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மாற்றுப் பாடகி எதற்கு இருக்கிறாள் என்று ஒரே நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

ஓபராக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். எங்களைப் பொறுத்தவரை ஒத்திகையில் ஒருத்தி நிற்பாள், அரங்கேற்றத்தில் இன்னொருத்தி நிற்பாள், பாட்டு ஒன்றுதான். அதே வரி, அதே சுருதி, அதே இடத்தில் மூச்சு. இதை வாத்துக்கு யார் புரிய வைப்பது? ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

விமான நிலையத்தில் காட்டு வாத்துகள் கூடு கட்டினால் முட்டைக்கு எண்ணெய் தடவிச் சாகடித்துவிடுவார்கள். அப்படித் தடவ இருந்த முட்டைகளைத்தான் கேட்டு வாங்கி வந்தார்கள். ஏரிக்கரைக் கேபினில், குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு, எர்னா அந்த ஒரு வரியைப் பாடினாள். படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று, இறங்காமலே முடியும் வரி. கடைசி வாரத்தில் ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று பதில் வந்ததாம். கேட்டதும் எனக்குத்தான் போன் செய்தாள்.

"என் பாட்டுக்கு முதல் தடவையா ஒருத்தர் பதில் சொல்லியிருக்காங்க, லெஸ்யா."

பதினெட்டுக் குஞ்சுகள். எர்னா பல் மருத்துவமனையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டாள். சாம்பல் நிற மழைக்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அவற்றோடு புல்லில் நடந்தாள், தண்ணீரில் நீந்தினாள், கெண்டைக்காலில் அட்டை ஒட்டியதைப் பிய்த்து எறிந்தாள். சபைப் பெண்கள் விடுவார்களா? "ஐம்பத்திரண்டு வயசுல பதினெட்டு பெத்துட்டாளே, புருஷன்கூட இல்லாம" என்று காப்பி நேரத்தில் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

டெல்ஃபின் இரண்டு கட்டளைகள் போட்டிருந்தாள். ஏரிக்கரையில் மனித வார்த்தை கூடாது, அந்த ஒரு வரி மட்டும்தான். பறவைகளுக்குப் பெயரும் வைக்கக் கூடாது. நான் பார்க்கப் போனால் வெளியில் இருவரும் ஊமைகளாகக் கையை ஆட்டிக்கொண்டிருப்போம். கேபினுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச்சு.

"பேர் வெச்சா நாம சொந்தம் கொண்டாடுற மாதிரி ஆயிடுமாம்."

"முட்டையைத் தூக்கிட்டு வந்து தாயாகிக்கலாம், பேர் மட்டும் வைக்கக் கூடாதாமா? நல்ல நியாயம்டி."

"தூக்கிட்டெல்லாம் வரல. சாகப் போன முட்டைங்க. காப்பாத்தியிருக்கோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்கு மட்டும் வெச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள்.

கட்டிலடியில் கிடந்த அவளுடைய வீட்டுச் செருப்புக்குள் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறவியிலேயே கழுத்து அப்படி. அதற்கு அவள் வைத்த பெயர் ஷ்லொரே. அவர்கள் வீட்டு மொழியில் செருப்பு என்று அர்த்தம். உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லை பாருங்கள்.

ஆகஸ்டில் ரொவேனா வந்து இறங்கினாள். கெட்டவள் இல்லை, கர்வமும் கிடையாது. மிதக்கும் மேடையில் ஏறி அந்த வரியைப் பாடினாள் பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாத்துகள் புல்லைத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. மறுபடி பாடினாள். மறுபடியும் புல். டெல்ஃபின் எர்னாவைப் பார்த்துத் தலையசைத்தாள். எர்னா ஓரத்திலிருந்து பாடினாள், பாதிக் குரலில்தான். பதினெட்டும் இறக்கையை அடித்துக்கொண்டு, ரொவேனாவின் பாவாடையை மிதித்துக்கொண்டு, எர்னாவிடம் ஓடி வந்தன.

ரொவேனா விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்போ நான் மாற்று நடிகையாயிட்டேன் போலிருக்கே!"

கதாநாயகிக்குத் தொண்டை கட்டினால் அவள் வாயசைத்து நடிக்க, மாற்றுப் பாடகி மேடை ஓரத்தில் நின்று பாடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதையே இங்கும் செய்தார்கள். ஓரம் என்று ஒன்று ஏரியில் ஏது? உள்ளூர் வேட்டைக்காரன் ஒருவனிடம் அவன் நாணலுக்குள் ஒளிந்து உட்காரும் தட்டி மறைப்பை இரவல் வாங்கி அதற்குள் எர்னாவை உட்கார வைத்தார்கள். வாத்தை ஏமாற்றி வரவழைத்துச் சுடுவதற்காகக் கட்டிய மறைப்பு. இது சரியில்லை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

நாடகம் நடந்த அத்தனை மாலையும் வாத்துகள் வந்தன. ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரொவேனா குனிந்து வணங்கினாள். எர்னா தட்டிக்குப் பின்னால், முழங்கால் வரை சேற்றில் நின்றாள். வராவிட்டால் என்று எழுதிய இரண்டாவது முடிவு ஒரு நாள்கூட வாசிக்கப்படவில்லை. டெல்ஃபினுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

"ஒரு நாளாவது அதுங்க வராம இருந்தா நல்லாயிருக்கும்" என்றாள். "எப்பவும் வந்துட்டா, அதுங்களா முடிவு பண்றதா எப்படிச் சொல்றது?"

நாடகம் முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மனிதக் குரலில் வளர்ந்த பறவைகளைக் காட்டில் விடச் சட்டம் அனுமதிக்காது. ஏரி உறைவதற்குள் தெற்கே ஒரு பறவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. எர்னா தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் ஏரிக்குப் போனாள். செப்டம்பரில் வடக்கிலிருந்து காட்டுக் கூட்டங்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. ஒரு நாள் காலை எர்னாவின் வாத்துகளில் இரண்டு கரையோரம் செத்துக் கிடந்தன.

பறவைக் காய்ச்சல் என்று பரிசோதனை முடிவு வந்தது. மீதியிருந்த பதினாறையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உத்தரவோடு வந்தவர் தில்லன் என்கிற கால்நடை மருத்துவர். களைத்த மனிதர். அந்த மாதம் முழுக்க அவருக்கு இதே வேலை. எர்னாவின் சமையலறையில் எங்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அதுங்க ஏரி நடுவுல காட்டுக் கூட்டத்தோட கலந்து நிக்குது. வலை எட்டாது. சுட்டா சிதறிப் போய் நாலு பக்கமும் விழும். ரெண்டு மைல்ல வான்கோழிப் பண்ணை இருக்கு. உங்களுக்குத் தெரியாததில்லை."

தெரியாமல் என்ன? அது அவள் அண்ணன் கார்னியின் பண்ணை.

"நீங்க கூப்பிட்டா கரைக்கு வரும்னு சொன்னாங்க" என்றார் தில்லன்.

"மாட்டேன்" என்றாள் எர்னா.

அவர் வற்புறுத்தவில்லை. நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உடனே டெல்ஃபின் போன் செய்தாள். நிஜமாகவே விக்கி விக்கி அழுதாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அழுது முடித்துவிட்டு, நாளைக்கு எர்னா கூப்பிடுவதாக இருந்தால் அதை ஒலிப்பதிவு செய்ய ஒரு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"அதுங்களுக்குக் கடைசி அழைப்பு அது. பதிவு பண்ணலைன்னா வீணா செத்த மாதிரி ஆயிடும்."

நான் போனைப் பிடுங்கினேன். "பதிவு பண்ணா வீணாகாதா? சாவுக்கு டிக்கெட் போடலாம்னு இருக்கியா?" என்று கத்திவிட்டு வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்றுதான் இருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் கார்னி வந்தான். நோய் ஒட்டிவிடும் என்று வீட்டுக்குள் வரவில்லை. சாலையிலேயே பிக்கப் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டான். எர்னா வாசல் படியில் நின்றாள், நான் பின்னால். இரண்டு பேருக்கும் நடுவில் புல்வெளி.

"எர்னா, பண்ணையில பதினோராயிரம் உசிரு இருக்கு. அதுவும் உசிருதான்."

"நீ எப்படியும் அடுத்த மாசம் வெட்டத்தானே போறே?"

"வெட்டுறேன், இல்லைங்கல. அதுலதான் மார்த்தாவும் நானும் சாப்பிடறோம். போன வருஷமே கடன்லதான் குஞ்சு இறக்கினேன். இந்தத் தடவை போச்சுன்னா பண்ணையே போச்சு. அப்பா நிலம், எர்னா."

அவள் ஏரிப் பக்கம் பார்த்தாள்.

"நீ பாடு. ஓபராவுல இதுவரைக்கும் ஒருத்தரும் உன்னைப் பாடக் கூப்பிட்டதில்ல. இப்போ நான் கூப்பிடறேன். பாடு" என்றான். அவன் குத்திக்காட்டச் சொன்னானா, கெஞ்சிச் சொன்னானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் உள்ளே வந்து மேசை முன் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து, "பாடறேன்னு சொல்லிடு" என்றாள். அவள் முகம் தெளிவாக இருந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒத்திகையில் எதையோ முடிவு செய்துகொண்டவள் முகம் அது.

காலையில் ஏரிக்குப் போனோம். எல்லோருக்கும் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடை. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், அவளைத் தனியாக விடமாட்டேன் என்று நான் சண்டை போட்டதால். கரையில் சாய்வுப் பலகை வைத்த இரும்பு டிரெய்லர் ஒன்று நின்றது. உள்ளே போனதும் கதவைச் சாத்தி வாயுவை விடுவார்களாம், வலி இருக்காதாம். சாலையில் கார்னியின் பிக்கப் நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. தண்ணீர் மேல் குரல் வெகுதூரம் போகும்.

எர்னா மாஸ்க்கை இறக்கினாள், மூச்சை எடுத்தாள், பாடினாள்.

இரண்டாவது ஸ்வரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பாகப் பாடுகிறாள். ஏற வேண்டிய வரியை இறக்கினாள். நிற்க வேண்டிய உச்சியில் நிற்காமல் சுருதியைத் தளர்த்தித் தொங்கவிட்டாள். இவ்வளவு வருடத்தில் அவள் ஒரு ஸ்வரம் பிசகி நான் கேட்டதில்லை. வேண்டுமென்றே பாட்டை அடையாளம் தெரியாமல் சிதைத்துக்கொண்டிருந்தாள். தில்லனுக்கும் அவர் ஆட்களுக்கும் அதில் ஒன்றும் புரியாது. கூப்பிட்டுப் பார்த்தாள், வரவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். உடம்பிலும் பழைய மழைக்கோட்டு இல்லை, முகம் தெரியாத வெள்ளைத் துணி. இரண்டாவது முடிவு இன்றைக்கு நடக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

ஏரி நடுவில் கழுத்துகள் நிமிர்ந்தன.

வராதே, வராதே என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் சபையில் ஜெபிப்பதுபோலக்கூடச் சொன்னேன். அவை காட்டுக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பின. முதலில் நீந்தின, பிறகு பொறுக்கமாட்டாமல் இறக்கையை அடித்துத் தண்ணீர் மேல் ஓடின, கத்திக்கொண்டே வந்தன. எர்னா பாதி வரியில் நிறுத்திக் கையால் வாயைப் பொத்தினாள். அதற்குள் முதல் வாத்து கரையேறி அவள் காலில் உரசியது. மற்றவை சூழ்ந்துகொண்டு வெள்ளை உடையின் ஜிப்பைக் கொத்தின, கையுறையைக் கடித்து இழுத்தன. எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் கடைசியாக வந்த ஒன்றைப் பார்த்தேன். ஏரியில் பாதி தூரம் வந்து நின்றிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குரல் நின்றுபோனதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அதே இடத்தில் வட்டமடித்தது. எர்னாவும் பார்த்தாள். வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. சற்று நேரத்தில் காட்டுக் கூட்டம் அறுத்த கோதுமை வயலைப் பார்த்து எழும்பியது. ஷ்லொரேயும் எழும்பி அவற்றோடு போயிற்று.

வெள்ளை உடை ஆட்கள் கையை விரித்துக்கொண்டு நெருங்கினால் வாத்துகள் எர்னாவுக்குப் பின்னால் ஒளிந்தன. இரண்டு முறை முயன்று பார்த்தார்கள். தில்லன் அவளிடம் வந்தார்.

"அம்மா, நீங்க முன்னாடி நடந்தா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் டிரெய்லரைப் பார்த்தார். "முன்பக்கம் சின்னக் கதவு ஒண்ணு இருக்கு. நீங்க அது வழியா வெளிய வந்துடலாம்."

அவள் நடந்தாள். சாய்வுப் பலகையில் ஏறினாள். வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவள் குதிகாலை ஒட்டி, ஏறின. முன்கதவு வழியாக அவள் மட்டும் வெளியே வந்தாள். இரண்டு கதவும் சாத்தப்பட்டன. உள்ளே அவளைக் காணாமல் அவை கூப்பிட்டன. அவள் இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், பதில் சொல்லவில்லை. சத்தம் குறைந்து, நின்றது. அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

தில்லன் எண்ணிப் பார்த்தார். "பதினஞ்சுதான் இருக்கு. பதினாறு இல்ல இருக்கணும்?"

"ஒண்ணைப் போன வாரம் நரி கொண்டு போயிடுச்சு" என்றாள் எர்னா, காற்றுக் குரலில். வாழ்நாளில் பொய் சொல்லாதவள்.

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா, நரிதான். ரத்தத்தைக்கூடப் பார்த்தேன்" என்றேன் நான். பொய் சொல்லிவிட்டு நிமிர்ந்துதான் நின்றேன்.

கார்னியின் பண்ணைக்கு நோய் வரவில்லை. வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் அக்டோபர் நன்றித் திருநாளுக்கு முந்தின நாள் அவன் ஒரு பெரிய வான்கோழியைத் தூக்கிக்கொண்டு எர்னாவின் சமையலறைக்கு வந்தான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வான்கோழியை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"நீ தப்பாப் பாடினே" என்றான்.

எர்னா கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

"பதிமூணு வயசுலேர்ந்து உன் பக்கத்துல நின்னு ஆண்குரல், டெனர் பாடறேன். எனக்குத் தெரியாதா? வேணும்னே தப்பாப் பாடினே. என் பண்ணை போனாப் போகட்டும்னு நினைச்சே."

"ஆமா, கார்னி."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவன் அடிபட்டவன் மாதிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பிறகு கோபம் இல்லாத குரலில் கேட்டான்:

"அப்புறம் ஏன் வந்துச்சுங்க?"

"எப்படிப் பாடினாலும் நான்தானே" என்றாள் எர்னா. "பாட்டுக்குன்னு நினைச்சுட்டோம் எல்லாரும். நானும் அப்படித்தான் நினைச்சேன்."

கார்னி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். அவன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அதற்குப் பிறகு எந்த வஞ்சமும் இல்லை. இருந்தது என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அந்தச் சமையலறையில் இருந்தார்களா? நான் இருந்தேன்.

வான்கோழியை அவள் தொடவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். எறிய மனம் வரவில்லை.

டெல்ஃபினின் ஓபரா ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்கே வாத்துகள் திரையில் பறந்தன, கோடைக்காலத்தில் பதிவு செய்திருந்த எர்னாவின் குரல் ஒலித்தது. நிகழ்ச்சிப் புத்தகத்தை அனுப்பி வைத்தாள். 'அழைக்கும் குரல்: எர்னா ரெம்பல்' என்று தனி வரியில் அச்சிட்டிருந்தார்கள். எத்தனை வருடம் அதற்காகக் காத்திருந்தவள்! வாங்கிப் பார்த்துவிட்டு, காகிதங்களோடு அடுப்பில் போட்டாள்.

ஏரியை விட்டு வந்த அன்றிலிருந்தே அவள் வெளியில் பேசுவதில்லை. முதலில் துக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் காருக்குள் வைத்துக் கேட்டேன்.

"அது எங்கயோ இருக்கு லெஸ்யா. வசந்தத்துல மேல போகும், இலையுதிர்ல கீழ வரும். என் குரல் கேட்டா இறங்கிடும். இறங்கினா புடிச்சிடுவாங்க. நோய் அதுக்குள்ள இருந்தா, கார்னி பண்ணைக்கும் ஆபத்து. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா எல்லாரும் பொழைச்சுக்குவாங்க."

"வாத்து அத்தனை உயரத்துல போகுது. நீ 'தபால் வந்துச்சா'ன்னு கேக்கறது அதுக்குக் காதுல விழுமா?"

"முட்டைக்குள்ள இருந்தப்பவே விழுந்துச்சே" என்றாள்.

மூன்றாம் வருடம் ஏப்ரலில் கார்னி கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். மாரடைப்பு. அவர்கள் வழக்கப்படி குடும்பத்தார் குழியைச் சுற்றி நின்று நாலு குரலில் பாட வேண்டும். மேல்குரல் அந்தக் குடும்பத்தில் எர்னாவுடையது. அவன் மனைவி மார்த்தா தொடங்கினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எர்னா பாடவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எர்னா, உன் அண்ணன்டி" என்றாள் மார்த்தா, பாட்டை நிறுத்திவிட்டு. "ஒரு வரி பாடேன். அப்படி என்ன பண்ணிட்டார் உனக்கு?"

அந்த நேரம் பார்த்துத் தெற்கிலிருந்து வாத்துக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. தாழப் பறந்தது, கத்துவது தெளிவாகக் கேட்டது. எர்னா உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். என் விரல் எலும்பு நொறுங்கிவிடும் போல அழுத்தினாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டங்கள் எங்கள் தலைக்கு மேல் வடக்கே போயின. மேல்குரல் இல்லாமலே பாட்டு முடிந்தது. மண்ணைத் தள்ளினார்கள். மார்த்தா அவள் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

காருக்கு வந்தோம். நான் கதவைச் சாத்தினேன். அவள் கண்ணாடி நான்கும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடினாள், மேல்குரலை, ஒரு ஸ்வரம் பிசகாமல், எல்லாச் சரணங்களையும். எனக்குத் தெரிந்த அளவுக்கு நான் கீழ்க்குரல் போட்டேன். கார்னியின் டெனர் வரும் இடங்களில் அவள் நிறுத்தி, அவன் பாடி முடிக்கும் நேரம்வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தாள்.